கம்பியும் கடிகாரமும் அப்படியே இருக்கட்டும்: நெனானா ஊராருக்கு ஒரு திறந்த மடல்

நெனானா ஐஸ் கிளாசிக் நிர்வாகக் குழுவினருக்கும், டனானா ஆற்றங்கரை ஊராருக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. உங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் ஆறு குளிர்காலங்களைக் கழித்தவன். உறைந்த ஆறு எந்த நிமிடத்தில் உடையும் என்று ஊகிக்கும் உங்கள் ஐஸ் கிளாசிக் பந்தயத்துக்கு அந்த ஆறு வருடமும் தவறாமல் டிக்கெட் வாங்கினேன். ஊர் திரும்பிய பிறகும் அங்கிருக்கும் நண்பர் ஒருவர் எனக்காக வாங்கிப் போடுகிறார். இந்த மடலின் ஆங்கில வடிவம் தபாலில் உங்களை வந்தடையும். அதற்கு முன்பாகத் தமிழில் எழுதுகிறேன். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவருகிறீர்கள் என்பது என் மொழிக்காரர்களுக்கும் தெரிய வேண்டும். அதோடு, மனதார ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கும்போது எனக்குத் தாய்மொழிதான் முன்னால் வந்து நிற்கிறது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். டிக்கெட் விலையை ஏற்றுங்கள், விற்பனை முடியும் நாளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், பரிசைப் பங்கிடும் விதத்தை மாற்றுங்கள். ஆற்றை அளக்கும் விதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதே இடம், அதே முக்காலி, அதே கம்பி, அதே கடிகாரம், அதே நூறு அடி.

தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவின் நடுப்பகுதியில், டனானா ஆறும் நெனானா ஆறும் கூடும் இடத்தில் சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர் நெனானா. குளிர்காலம் தொடங்கியதும் ஆறு உறைந்துவிடும். மார்ச் மாதத்தின் முதல் வார இறுதியில் ஊரே கூடி, உறைந்த ஆற்றின் மேல் மரத்தால் ஆன உயரமான சட்டம் ஒன்றை நிறுத்துகிறது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய அந்தச் சட்டத்தைத்தான் முக்காலி என்கிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி கரைக்கு வந்து அங்கிருக்கும் கடிகாரத்தோடு இணைகிறது. ஏப்ரலிலோ மே மாதத்திலோ பனிக்கட்டி உடைந்து நகரும்போது சட்டமும் அதோடு போகும். அது நூறு அடி நகர்ந்ததும் கம்பி கடிகாரத்தை நிறுத்திவிடும். அந்த நேரத்துக்கு மிக அருகில் மாதம், தேதி, மணி, நிமிடம் என்று ஊகித்து எழுதியவருக்குப் பரிசு. பலர் ஒரே நிமிடத்தை எழுதியிருந்தால் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும்.

1917இல் அலாஸ்கா ரயில் பாதை அமைக்க வந்தவர்கள் தொடங்கிய பந்தயம் இது. ஆறு திறந்தால்தான் படகு வரும், படகு வந்தால்தான் சாமான் வரும் என்று காத்திருந்த மனிதர்கள், காத்திருப்பையே பந்தயமாக்கினார்கள். 800 டாலர் சேர்ந்தது. அந்த வருடம் ஏப்ரல் 30 அன்று காலை 11:30க்கு ஆறு உடைந்தது. அதற்குப் பின் ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. 2014இல் பரிசுத் தொகை 3,63,627 டாலர் வரை போனது.

அவர்களுக்கு முன்பே, கணக்கிட முடியாத காலமாக, அப்பகுதியின் பூர்வகுடிகளான அத்தபாஸ்கன் மக்கள் இதே கரையில் இதே உடைவுக்காகக் காத்திருந்தவர்கள். உறைந்த ஆறு அங்கே சாலை. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் மேற்குக் கடற்கரையிலுள்ள நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. அங்கிருந்து நாய் வண்டிகள் 674 மைல் தூரம் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. முதல் பயணம் உங்கள் ஆற்றின் பனிக்கட்டி மீதுதான் தொடங்கியது. கோடையில் அதே ஆறு படகுப் பாதை. இரண்டுக்கும் நடுவில், வண்டியும் போகாத படகும் போகாத சில நாட்கள் உண்டு. அந்த நாட்கள் எப்போது வரும் என்பது ஆற்றங்கரைக்காரர்களுக்கு வாழ்க்கைக் கேள்வி.

என் முதல் மார்ச்சில் உங்கள் ஊருக்கு வந்து ஆற்றின் நடுவில் நின்றேன். காவிரிக் கரையில் பிறந்தவன் நான். எங்களுக்கு ஆறு என்றால் தண்ணீர் வருமா வராதா என்பதுதான் கவலை. கல்லாகிக் கிடக்கும் ஆற்றின் மேல் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது கால் கூசியது. சங்கிலி ரம்பத்தால் பனிக்கட்டியைக் கோடாக அறுத்தார்கள். சட்டத்தின் கால்களைப் பள்ளத்தில் இறக்கித் தண்ணீரை ஊற்றினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தண்ணீர் மேலே தோல் கட்டி வெளுத்தது. முக்காலி என்று எல்லோரும் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன், நான்கு கால்கள். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் பூட்ஸால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருடம் மேலே வெண்பனி நிறைய விழுந்திருக்கிறது, அதனால் அடியில் பனிக்கட்டி தடித்திருக்காது என்றார். வெண்பனி கம்பளி மாதிரி. மேலே மூடிவிட்டால் குளிர் உள்ளே இறங்காது. பல்கலைக்கழகத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கால் நுனியில் வைத்திருந்தார்.

அதற்கடுத்த ஏப்ரல் கடைசியில் கரையோரமாக ஒரு துண்டுப் பனிக்கட்டியைக் கையில் எடுத்தேன். முழங்கை நீளத்துக்குத் தடித்த கட்டி. தூக்குவதற்கே கனமாக இருந்தது. சும்மா இரண்டு விரலால் அழுத்தினேன். மொத்தமும் நீள நீள ஊசிகளாகப் பிரிந்து, கண்ணாடி வளையல் உடைவது போன்ற ஓசையோடு என் கையிலிருந்து கொட்டிவிட்டது. மெழுகுவத்திக் கட்டு என்று அங்கே சொல்வார்கள். வசந்த காலத்து வெயில் பனிக்கட்டிக்குள் ஊடுருவி, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் விளிம்புகளை முதலில் உருக்கிவிடுகிறது. தடிமன் அப்படியே இருக்கும், பலம் போய்விடும். வாரா வாரம் நீங்கள் துளையிட்டு அளந்து சொல்லும் தடிமனை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவன் நான். அன்றைக்குத்தான் என் கணக்கு ஏன் தோற்கிறது என்று விளங்கியது.

ஆறு இரண்டு விதமாக உடையும். வெயிலில் இப்படி உளுத்துப்போய், இருந்த இடத்திலேயே சோர்ந்து, மெதுவாக விலகுவது ஒரு விதம். மேல்பகுதியில் வெண்பனி திடீரென்று உருகி வெள்ளம் வந்து, இன்னும் கெட்டியாக இருக்கும் பனிக்கட்டியை அடியிலிருந்து தூக்கி உடைத்துத் தள்ளிக்கொண்டு வருவது இன்னொரு விதம். இரண்டாவது பயங்கரமானது. 2013இல் வசந்தம் வராமலே இழுத்தடித்தது. உங்கள் கடிகாரம் மே 20, பிற்பகல் 2:41க்கு நின்றது. 1964இலும் அதே மே 20தான், ஆனால் முற்பகல் 11:41. ஆகவே மூன்று மணி நேர வித்தியாசத்தில் 2013தான் உங்கள் பதிவேட்டிலேயே மிகத் தாமதமான உடைவு. அதே மாத இறுதியில், உங்கள் டனானா போய்ச் சேரும் யூக்கான் ஆற்றில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டு, கலேனா ஊரையே வெள்ளம் மூழ்கடித்தது. வீடுகளைச் சுற்றிப் பனிப் பாறைகள் நின்ற படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன்.

2019இல் அலாஸ்காவில் வரலாறு காணாத வெப்பமான மார்ச். உங்கள் கடிகாரம் ஏப்ரல் 14, நள்ளிரவு கடந்து 12:21க்கு நின்றது. அதற்கு முன் மிக முந்திய உடைவு ஏப்ரல் 20, 1940இலும் 1998இலும். நூறு வருடப் பதிவேட்டில் ஒரே தாவலில் ஆறு நாள் முந்திப்போனது. டிக்கெட் விற்பனை ஏப்ரல் 5இல் முடிகிறது. நடுவில் ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. இன்னொரு மார்ச் அப்படி வந்தால், விற்பனை முடிவதற்குள் முக்காலி கிளம்பிவிடாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது நீங்கள் விதிகளை மாற்றித்தான் ஆக வேண்டும். விற்பனையை முன்னால் முடிக்கலாம். முக்காலியை முன்னால் நிறுத்தலாம். கம்பிக்குப் பதில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி ஒன்றை வைத்துவிடலாமே, கேமரா வைத்துவிடலாமே என்றும் யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள் என்கிறேன்.

ரஃபேல் சகாரின், ஃபியோரென்சா மிக்கேலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1917 முதல் 2000 வரையிலான உங்கள் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, 2001இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்தக் காலத்துக்குள் பனி உடைவு சராசரியாக ஐந்தரை நாள் முன்னால் நகர்ந்துவிட்டது என்பது அவர்கள் கண்டது. லீப் ஆண்டுகளால் நாள்காட்டித் தேதி முன்னும் பின்னும் நகரும் என்பதால், மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று சகாரின் வலியுறுத்தினார். அந்த அளவுக்கு நுணுகிப் பார்க்கலாம் என்று ஒரு விஞ்ஞானியைத் துணியவைத்தது உங்கள் கடிகாரம். இன்று அமெரிக்காவின் தேசிய வெண்பனி, பனிக்கட்டித் தரவு மையம் உங்கள் தேதிகளை அறிவியல் தரவாகவே வைத்திருக்கிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆற்றைக் கவனிக்க எத்தனையோ நல்ல திட்டங்கள் தொடங்கப்படுகின்றன. நிதி நின்றதும் நின்றுவிடுகின்றன. உங்கள் பதிவேடு இரண்டாம் உலகப் போரையும் தாண்டி வந்திருக்கிறது. காரணம், அதில் மக்களின் பணம் இருந்தது. அலாஸ்காவெங்கும் கடைகளில் வைத்திருக்கும் உங்கள் சிவப்பு டப்பாக்களுக்குள் டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கண்காணிப்பாளர். ஒரு நிமிடம் பிசகினால் கேட்பதற்கு ஆள் இருந்தது. தேதியை உத்தேசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எந்த வருடமும் யாருக்கும் தோன்ற வழியில்லாமல் போனது. சூதாட்டம் என்று சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். என் கருத்தில், அந்த ஆசைதான் இந்தப் பதிவேட்டைக் காவல் காத்தது. வருமானத்தில் ஒரு பங்கு தொண்டுகளுக்குப் போவதும், டிக்கெட்டுகளைப் பிரித்து அடுக்கும் காலத்தில் ஊரில் பலருக்கு வேலை கிடைப்பதும் தனி நன்மை.

கருவி வைத்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்பார்கள். இருக்கலாம். எங்கள் ஊர் மளிகைக் கடைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஐந்து கிராம் கூடக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு வருடமும் அதே ஐந்து கிராம் கூடக் காட்டினால், மூட்டையின் எடை ஏறிற்றா இறங்கிற்றா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நடுவில் ஒரு நாள் தங்கம் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து வைத்தால், அன்றைக்கு எடை மாறியது மூட்டையாலா தராசாலா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நான்கு காலில் நிற்கும் உங்கள் மரச்சட்டம் நூறு அடி நகரும் நேரம் என்பது, ஆறு உடைந்த நேரத்துக்கு ஒருவரும் இயற்பியல் புத்தகத்தில் எழுதாத இலக்கணம்தான். அது எல்லா வருடத்துக்கும் ஒரே இலக்கணமாக இருந்தது. அதனால்தான் 1917ஐயும் 2019ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது.

புதுக் கருவி வேண்டுமென்றால் வையுங்கள். கம்பிக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பல வருடம் சேர்ந்து ஓடட்டும். இரண்டு நேரங்களையும் எழுதுங்கள். பரிசு மட்டும் கம்பி சொல்லும் நேரத்துக்கே போகட்டும். பணம் எதன் மேல் இருக்கிறதோ அதைத்தான் ஊர் கண்கொட்டாமல் பார்க்கும்.

முக்காலி நிற்கும் இடத்தை நாற்பது அடி தள்ளி வைக்க நேர்ந்தால் அதையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். ஆற்றின் வேகம் கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று. நூறு வருடம் கழித்து ஒரு பெண் அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு உட்காரும்போது, உங்களிடம் வந்து கேட்க அவளால் முடியாது. பழைய பேரேடுகளுக்கும் இதே கவனம் வேண்டும். தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ அழியாதபடி, குறைந்தது மூன்று வெவ்வேறு ஊர்களில் அவற்றின் படிகள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களைப் போல் ஆற்றையும் ஏரியையும் பார்த்து எழுதியவர்கள் உலகில் இன்னும் சிலர் உண்டு. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் ஓடும் டோர்னே ஆற்றின் பனி உடைவை 1693இல் ஒரு வணிகர் குறிக்கத் தொடங்கினார். ஜப்பானின் சுவா ஏரி உறைவதை ஷிண்டோ கோயில் பூசாரிகள் 1443 முதல் எழுதிவருகிறார்கள். ஏரி முழுதும் உறைந்து, குளிரில் பனிக்கட்டி வெடித்து, வெடிப்பின் வழியே நீண்ட மேடு எழும்பும். தேவன் தன் துணைவியைக் காண ஏரியைக் கடந்துபோன தடம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. கடைசியாக அந்த மேடு எழுந்தது 2018இல். அதற்குப் பிறகும் பூசாரி ஒவ்வொரு குளிர்காலத்திலும் விடியற்காலையில் ஏரிக்குப் போகிறார். வெப்பத்தை அளக்கிறார். உறையவில்லை என்றால், உறையவில்லை என்று எழுதிவிட்டுத் திரும்புகிறார். பூசாரி பக்தியால் எழுதினார், வணிகர் பிழைப்புக்காக எழுதினார், நீங்கள் பந்தயத்துக்காக எழுதினீர்கள். மூன்று பதிவேடுகளும் இன்று ஒரே மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

சுவா ஏரியின் பூசாரியை நினைத்துத்தான் கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். இதை எழுதவே மனம் ஒப்பவில்லை. ஆனாலும் கேட்டுவிட வேண்டும். ஏதோ ஒரு மார்ச்சில், முக்காலியைச் சுமந்துபோகும் மனிதர்களைப் பனிக்கட்டி தாங்காது என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் தயவுசெய்து போகாதீர்கள். எந்தப் பதிவேட்டுக்காகவும் ஓர் உயிர் அந்தத் தண்ணீருக்குள் போக வேண்டாம். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அந்த வருடத்தின் வரியைக் காலியாக விடாதீர்கள். இன்ன தேதியில் போய்ப் பார்த்தோம், இவ்வளவு அங்குலம் இருந்தது, நிறுத்தவில்லை என்று எழுதி, பார்த்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த மார்ச் வரும்வரை முக்காலி எழட்டும். அடுத்த பந்தயத்துக்கு என் நண்பர் வழக்கம்போல் ஒரு கடையில் இருக்கும் சிவப்பு டப்பாவில் என் டிக்கெட்டைப் போடுவார். மே 1, பிற்பகல் 3:52 என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஃபேர்பேங்க்ஸில் ஆறு குளிர்காலம் வாழ்ந்த காவிரிக் கரைக்காரன்